தடவு, சொல்லு, ஊது

கடலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் வெயில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் உப்பளங்களுக்கு மத்தியில், நாற்பத்தாறு வீடுகளும் ஒரு தண்ணீர்த்தொட்டியும் ஒரு பால்வாடியும் இருந்தன. அந்தப் பால்வாடிக்கு இருபத்தொரு வயதில் வேலைக்கு வந்த சந்தனமாரி டீச்சர், வந்த மூன்றாம் வருசம் புருசனைப் பறிகொடுத்து, பிறகு போக்கிடம் எதுவும் தோன்றாமல், கடைசி வரிசை வீட்டில் முப்பத்துநாலு வருசமாக அங்கேயே இருந்தாள்.

பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்க ஆபீசிலிருந்து ஒரு பெட்டி நிறைய பிளாஸ்டிக் எழுத்துகள் கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் அவற்றைக் கடித்தார்கள், மூக்கில் நுழைத்தார்கள், 'ஈ'யின் புள்ளியை ஒருத்தன் விழுங்கியே விட்டான். பெட்டியை பீரோவில் வைத்துப் பூட்டி, அதிகாரிகள் வரும்போது மட்டும் எடுத்துத் துடைத்து வைப்பது என்று சந்தனமாரி முடிவு செய்துகொண்டாள். அவளுடைய எழுத்துகள் வேறு. ஆசாரிமார் மரம் தேய்க்கிற உப்புத்தாளை வாங்கி, எழுத்து எழுத்தாகக் கத்தரித்து, பழைய காலண்டர் அட்டையில் ஒட்டியிருந்தாள். அ முதல் ஔ வரை பன்னிரண்டு அட்டை. பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, எழுத்து எங்கே தொடங்குகிறதோ அங்கே வைத்து, சொரசொரப்பின் மேலேயே மூன்று தடவை இழுத்துக்கொண்டு போவாள். மூன்றாவது தடவையில் விரல் நுனி சுடும். அப்போது எழுத்தைச் சொல்லச் சொல்வாள். சொன்னதும், சுட்ட விரலை ஊதச் சொல்வாள். தடவு, சொல்லு, ஊது. அதற்குப் பிறகு தரையில் சாக்பீசால் அதே எழுத்தைப் பெரிதாக எழுதி, அதன் மேல் புளியங்கொட்டையை வரிசையாக அடுக்கச் சொல்வாள். பன்னிரண்டாவது அட்டையையும் தடவி முடித்து, ஔ-வின் மேல் கொட்டை அடுக்கிய பிள்ளைதான் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகலாம் என்பது குடியிருப்பின் வழக்கம். அரசாங்கம் போட்ட சட்டமில்லை, சந்தனமாரி போட்டதுதான், ஆனாலும் ஒருவரும் மீறியதில்லை.

போன பிள்ளைகள் அவளை மறந்தார்கள். அதில் அவர்கள் குற்றம் ஒன்றுமில்லை. ஐந்து வயதுக்கு முன்னால் நடந்தது யாருக்குத்தான் நினைவிருக்கிறது? ஆனால் முந்நூறு பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்திவிட்டு, சத்துமாவு ஊட்டிவிட்டு, முந்நூறு விரல்களைப் பிடித்து எழுத்தின் மேல் நடத்திக் கூட்டிப்போனவளுக்கு, அந்த முந்நூறு பேரில் ஒருத்தர்கூட அதை வைத்திருக்கவில்லை என்பது வலித்தது. உப்பு லாரி ஓட்டுகிற மிக்கேல், நாலு வயதில் அவள் மடியை விட்டு இறங்காதவன், ஒருநாள் டீக்கடை முன்னால் நின்று, "எனக்கு அ ஆ சொல்லித் தந்ததே பெரிய பள்ளிக்கூடத்து சார்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவள் கையில் பால் தூக்குவாளியோடு பக்கத்தில்தான் நின்றாள். அவன், "என்ன டீச்சர், பாலுக்கா?" என்று மரியாதையாகக் கேட்டு வழிவிட்டான். அன்று அவள் டீ போட்டுக் குடிக்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்குப் பால்வாடியைப் பூட்டினால், மறுநாள் காலை ஒன்பது மணிவரை அவளோடு பேச ஆள் கிடையாது. பூட்டுவதற்கு முன்னால், மறுநாள் சொல்லிக்கொடுக்க வேண்டிய எழுத்தைத் தரையில் எழுதி வைத்துவிட்டுப் போவாள்.

அப்படி எழுதிவிட்டுப் போன ஒரு தை மாதத்து அ-வின் மேல், மறுநாள் காலை அவள் கதவைத் திறந்தபோது, புளியங்கொட்டைகள் அடுக்கியிருந்தன. ஜன்னல் சாத்தியபடி இருந்தது, பூட்டு அவள் போட்டபடி இருந்தது. எழுத்தின் முடிவில் இரண்டு கொட்டை கோணலாக இருந்தது, புதுப்பிள்ளைகள் எல்லோரும் அந்த வளைவில் அப்படித்தான் தடுமாறுவார்கள். பக்கத்தில் உப்புத்தாள் அட்டை கிடந்தது. அட்டைக்குப் பக்கத்தில், தரையில் படிந்திருந்த சாக்பீஸ் தூளில், புளிய இலை அளவுக்கு ஓர் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ ஊதியிருந்தார்கள்.

சந்தனமாரி குனிந்து அந்த இரண்டு கொட்டையையும் நேராக்கினாள். பிறகு, அன்று சாயங்காலம், பிள்ளைகளுக்காக எழுதிய ஆ-வுக்குப் பக்கத்தில் அ-வை மறுபடியும் எழுதி, தடுமாறும் வளைவில் ஓர் அம்புக்குறி போட்டுவிட்டுப் போனாள். காலையில் வளைவு சரியாக இருந்தது.

ஆயா வேலை பார்த்த பேச்சியம்மாள்தான் இதைக் குடியிருப்பில் போய்ச் சொன்னாள். அவள் சொன்னதும் உப்பளத்துக்குப் போகிறவர்கள் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்கள், கொட்டைகளைப் பார்த்தார்கள், நன்றாக அடுக்கியிருக்கிறது என்றார்கள், போய்விட்டார்கள். யார் பெற்ற பிள்ளை என்று ஒருவரும் கேட்கவில்லை. அளத்து வேலைக்கென்று எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தவர்களில் பாதிப் பேரை அப்படிக் கேட்காமல்தான் அவர்கள் ஊரில் சேர்த்திருந்தார்கள். பெரியவர்களைக் கேட்காததைப் பிள்ளையிடம் மட்டும் கேட்பது முறையில்லை என்று நினைத்தார்கள். அதுவுமில்லாமல், அந்த வருசம் பால்வாடியில் பதினொரு பிள்ளைகள்தான் இருந்தன. பன்னிரண்டுக்குக் குறைந்தால் சாலை பிரிகிற விலக்கில் இருக்கிற பால்வாடியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. எனவே வருகைப் பதிவேட்டில் பன்னிரண்டாவது வரிசையில் பெயர் எழுதும் இடத்தை விட்டுவிட்டு, எதிரே 'வந்தது' என்று போட்டாள் சந்தனமாரி. பிள்ளைக்குப் பன்னெண்டு என்றே பெயர் ஆகிப்போனது.

பன்னெண்டுக்கு ஒரு தட்டு ஒதுக்கினார்கள். முட்டை நாளில் அதன் தட்டிலும் ஒரு முட்டை வைத்தார்கள். அது தின்னவில்லை, காலையில் முட்டை வைத்தபடி இருக்கும். "பன்னெண்டுக்குப் பசிக்கல போல" என்று பேச்சியம்மாள் அதை எடுத்து, முறைவைத்து ஒவ்வொரு பிள்ளைக்காகக் கொடுத்தாள். முறை தவறியதென்று இரண்டு தாய்மார் தண்ணீர்த்தொட்டியடியில் முடியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்குச் சண்டை போட்டார்கள். கோயில் கொடைக்குத் துணி எடுத்தபோது ஐந்து வயதுக்கு ஒரு சட்டை கூடுதலாக எடுத்தார்கள், பெண்பிள்ளையாக இருந்தால் என்ன செய்வது என்று ஒரு பாவாடையும் எடுத்தார்கள். அளத்திலிருந்து திரும்புகிற பெண்கள் பால்வாடியைக் கடக்கும்போது குரலைத் தணித்துக்கொண்டார்கள்.

மேற்பார்வைக்கு வருகிற ஜெசிந்தா மேடம் கறாரானவள். பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, "பேர் இல்லாட்டி பரவாயில்ல, எடை எங்க?" என்று கேட்டாள். எடை போடுகிற தூளியைக் கொக்கியில் மாட்டி, காலியாகத் தொங்கவிட்டு, சாயங்காலம் கதவைப் பூட்டிக்கொண்டு போனார்கள். காலையில் முள் பதினொன்றரைக் கிலோவில் நின்றிருந்தது. ஜெசிந்தா அதைக் குறித்துக்கொண்டு, "வயசுக்குக் குறைச்சலா இருக்கு. சத்துமாவு கூடக் குடுங்க" என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

சந்தனமாரிக்கு அந்த மாதங்கள் போல மாதங்கள் வாய்த்ததில்லை. காலையில் ஐந்து மணிக்கே விழித்துக்கொண்டு, கதவைத் திறக்கும் நேரத்துக்காகக் காத்திருந்தாள். பிள்ளை இ-யில் இரண்டு நாள் நின்றது, ஈ-யை ஒரே நாளில் முடித்தது, எ-வைத் தலைகீழாக அடுக்கிவிட்டு மறுநாள் தானே திருத்தியது. சாயங்காலம் எழுத்தை எழுதிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து, வெற்று அறையைப் பார்த்து, அன்றைக்கு என்ன குழம்பு, யாருக்குக் காய்ச்சல், மழை வருமா வராதா என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவாள். யாராவது கேட்டால் சிரிப்பார்களே என்று முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு கூச்சம் போய்விட்டது.

பங்குனி முடிவதற்குள் பிள்ளை ஓ வரைக்கும் வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அவள் ஔ எழுதியிருக்க வேண்டும். இந்த ஔ-வைப்போல வேலைவெட்டி இல்லாத எழுத்து வேறு கிடையாது. சுவரில் தொங்கும் படத்தில் ஒரு மருந்துக் குப்பியைப் போட்டு ஔடதம் என்று எழுதியிருக்கும், அந்தச் சொல்லை அந்தக் குடியிருப்பில் ஒருவர்கூட வாயால் சொன்னதில்லை; ஔ இல்லாமலே ஒருவர் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் முடித்து, பேரன் பேத்தி எடுத்துச் செத்துப்போகலாம். ஆனால் அதைத் தடவி முடித்த பிள்ளை போய்விடும். சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு ஔ அட்டையை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள், தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு, தரையில் மறுபடியும் அ என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் அ-வின் மேல் கொட்டை அடுக்கியிருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்று ஔ அட்டையைப் பத்து மணிக்குப் பையிலிருந்து எடுப்பாள், நாலு மணிக்கு மறுபடியும் பைக்குள் வைப்பாள். இப்படியே அந்த ஆனி போனது, ஐந்து பிள்ளைகள் ஔ முடித்துப் பெரிய பள்ளிக்கூடம் போனார்கள், வேறு ஐந்து பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து சேர்ந்தார்கள், மழை வந்து பாத்திகளெல்லாம் தண்ணீராகி வேலை நின்றது, மறுபடியும் வெயில் வந்து உப்பு விளைந்தது. பன்னெண்டு மட்டும் அ-விலிருந்து ஓ வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தது. குடியிருப்பில் இதைக் கவனித்தவர்கள் பால்வாடி நிலைக்கட்டும் என்று சும்மா இருந்தார்கள்.

இரண்டாவது தை தாண்டியதும் பிள்ளை சலித்துப்போனது தெரிந்தது. கொட்டைகள் ஏனோதானோவென்று கிடந்தன. ஒருநாள் விளையாட்டுச் சாமான் கூடை கவிழ்ந்திருந்தது, மறுநாள் பாய்களெல்லாம் உதறிப்போட்டிருந்தன, அதற்கு மறுநாள் சத்துமாவு டப்பா திறந்திருந்தது. அது தேடிக்கொண்டிருந்தது. அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு வேறொன்று செய்தது. பதினோரு அட்டைகளையும் சுவரோரமாக வரிசையாக வைத்து, பன்னிரண்டாவது அட்டை இருக்க வேண்டிய இடத்தை மட்டும், ஒரு தூசிகூட இல்லாமல், ஊதி வைத்திருந்தது. தினமும் காலையில் அந்த இடம் சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தனமாரிக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வைகாசிக் கடைசியில் ஒருநாள் பேச்சியம்மாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அந்த அட்டைய எதுக்கு டீச்சர் தெனமும் வீட்டுக்குக் கொண்டு போறிய?"

சந்தனமாரி சாப்பாட்டுப் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நானா யார்ட்டயும் சொல்லல. ஆனா எனக்குத் தெரியும் பாத்துக்கோங்க."

"போயிட்டா மறந்துரும்லா பேச்சியக்கா."

"மறக்கத்தான செய்யும்? மறந்துட்டு நல்லாப் படிக்கட்டும்னுதான நாம இங்க உக்காந்திருக்கோம்."

"எல்லாம் போயிட்டு. இது ஒண்ணாவது இருக்கட்டும்னு நெனச்சேன்."

பேச்சியம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "வருசத்துக்கு மேலா ஒரே அ-வ அடுக்குது டீச்சர், அந்தப் புள்ள. நம்ம பயலுவளா இருந்தா அடுக்குவானுவளா? கொட்டைய நம்ம தலையில எறிஞ்சிருப்பானுவ. அது சொன்ன பேச்சக் கேக்குது. அதுக்காவது விடுங்க."

சந்தனமாரி அழுதாள். சத்தமில்லாமல் அழுது பழகியவள், அன்று சத்தம் போட்டே அழுதாள். நாலு மணிக்கு எழுந்து, முகம் கழுவி, தரையில் எப்போதும் எழுதுவதைவிடப் பெரிதாக ஔ எழுதி, பையிலிருந்து அட்டையை எடுத்து அந்தச் சுத்தமான இடத்தில் வைத்தாள். அன்றைக்கு என்ன குழம்பு என்று சொல்லவில்லை. "மெதுவா அடுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பூட்டினாள்.

காலையில் ஔ முழுசாக இருந்தது. எழுபத்துமூன்று கொட்டை. ஒன்றுகூடக் கோணல் இல்லை. அதை அவள் கலைக்காமல் வைத்திருந்தாள்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று, அளத்துக்கு அரைநாள் போகாமல், குடியிருப்பே பன்னெண்டைச் சேர்க்கப் போனது. பால்வாடி கைவிட்டுப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு பிள்ளையை உட்காரவைத்தே கிழவனாக்க முடியுமா என்று மிக்கேல் கேட்டபோது எதிர்த்துப் பேச ஆளில்லை. சட்டையையும் பாவாடையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டார்கள். பாத்தி வரப்பில் வரிசையாக நடக்கும்போது, பன்னெண்டு எங்கே நடக்கிறதோ என்று நினைத்து, எல்லோரும் தங்களுக்கு முன்னால் இரண்டடி இடம் விட்டு நடந்தார்கள். சந்தனமாரி கடைசியாக நடந்தாள்.

தலைமையாசிரியர் தவசிமுத்து மேற்கே இருந்து அந்த வருசம்தான் மாற்றலாகி வந்திருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "பெஞ்சுல ஓரத்துல உக்கார வைக்கணும், நடுவுல உக்கார வச்சா வேற எவனாவது மேல உக்காந்துருவான்" என்று கவலைப்பட்டார். பெற்றோர் பெயர் எழுதும் இடத்தில் கோடு போட்டுவிட்டு, "தாய் தகப்பன் இல்லாத புள்ளைக்கு ஊர்ல அஞ்சு பேர் பொறுப்பெடுத்துக் கையெழுத்துப் போடணும்" என்றார். ஐந்து பேர் என்றதும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். பேச்சியம்மாளைப்போல எழுதத் தெரியாத வயசாளிகளும் வெளியூரிலிருந்து வந்தவர்களும் மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து ஒற்றிவிட்டு ஒதுங்கினார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பேனாவை வாங்கினார்கள்.

வாங்கியவர்கள் எல்லோரும், பேனாவைத் தாளில் வைப்பதற்கு முன்னால், ஆள்காட்டி விரலை வாயருகே கொண்டுபோய் ஒரு தடவை ஊதினார்கள்.

தவசிமுத்து ஏழெட்டுப் பேர்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இது என்னய்யா பழக்கம்? பேங்குலயும் பாத்தேன், ரேசன் கடையிலயும் பாத்தேன். இந்த ஊர்க்காரங்க கையெழுத்துன்னா விரல ஊதுறீங்க?"

அவர்கள் தங்கள் விரல்களையே பார்த்தார்கள். "உப்புக் கை சார். எரியும்" என்றாள் ஒரு பெண். சந்தனமாரியும் அதை எத்தனையோ தடவை பார்த்து, அப்படித்தான் நினைத்திருந்தாள்.

"நான் உப்பத் தொட்டதே இல்ல சார், லாரி ஓட்டுதேன்" என்றான் அடுத்து நின்ற மிக்கேல். அவன் விரலும் வாயருகேதான் இருந்தது. "ஏன்னு தெரியல. எழுதப்போனா ஊதணும்னு தோணுது. சின்னதுலருந்தே அப்படித்தான்." சொல்லிவிட்டு ஊதி, கையெழுத்துப் போட்டான்.

சந்தனமாரி ஓரடி முன்னால் வந்தாள். வரிசையில் நின்றவர்களை முதலிலிருந்து பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்காரன் ஒருவன், இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, மீசை முளைக்காத இரண்டு பேர். ஒவ்வொரு விரலையும் அவளுக்குத் தெரியும். நகம் வெட்டமாட்டேன் என்று கடித்தது எது, சிரங்கு வந்தது எது, இடது கையை மாற்றிப் பிடித்தது எது என்று எல்லாம் தெரியும். அவளை ஒருவருக்கும் நினைவில்லை. ஆனால் அவள் சொன்னதை ஒருத்தரும் விடவில்லை. சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். நெஞ்சு நிறைந்தும் இருந்தது, அதைப் பகிர ஆளில்லாமலும் இருந்தது.

கடைசியாக அவள் கையெழுத்துப் போட்டாள். தவசிமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க மட்டும் ஊதலயே டீச்சர்? நீங்க இந்த ஊர் இல்லையோ?"

"இல்ல சார்" என்றாள் சந்தனமாரி. "வேலைக்கு வந்தவ. முப்பத்துநாலு வருசமாச்சு."

மற்றவர்கள் அளத்துக்குப் போனார்கள். அவள் மட்டும் பால்வாடிக்குத் திரும்பினாள். பிள்ளைகளைப் பேச்சியம்மாள் அன்று அவரவர் வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். எழுபத்துமூன்று கொட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி டப்பாவில் போட்டாள், தரையைத் துடைத்தாள், அட்டைகளை அடுக்கினாள். அடுக்கும்போது அ மேலே வந்தது. அந்த அட்டைகளை ஒட்டிய நாளிலிருந்து எத்தனையோ விரல்களைப் பிடித்து அதன் மேல் நடத்தியிருக்கிறாள், தன் விரலைத் தனக்காக ஒருமுறைகூட வைத்ததில்லை. வைத்தாள். மூன்று தடவை தடவினாள். நுனி சுட்டது. "அ" என்று, யாருமில்லாத அறையில், பிள்ளைகள் சொல்வதுபோலச் சத்தமாகச் சொன்னாள்.

விரலை வாய்க்குக் கொண்டுபோவதற்குள், யாரோ ஊதினார்கள். சின்ன மூச்சு, எச்சில் தெறிக்க, சத்துமாவு வாசனையோடு வந்தது. விரல் குளிர்ந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அறையில் வேறொன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து, அவள் எழுதிவைத்த எழுத்துகள் எழுதியபடியே இருந்தன.

ஆடி பிறந்ததும் ஜெசிந்தா வந்தாள். பால்வாடியைச் சாலை விலக்குப் பால்வாடியோடு சேர்த்தாயிற்று, ஆயாவும் பிள்ளைகளும் அங்கே, டீச்சருக்கு மட்டும் நாற்பது கிலோமீட்டர் தள்ளி வேறொரு ஊர் என்று ஆர்டரில் இருந்தது. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வேண்டுமென்று, கறாரானவள் அன்றைக்குக் கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னாள். எந்த இடத்தில் என்று கேட்டு, பேனாவை வாங்கிக்கொண்டு, விரலை ஒரு தடவை ஊதிவிட்டு, சந்தனமாரி கையெழுத்துப் போட்டாள்.